ரேஸ் ஏறுது, வண்டி ஏறலை: டீசல் காரில் கிளட்ச் வழுக்குகிறதா என்று கண்டுபிடிப்பது

டீசல் கார் இழுவை குறைந்துவிட்டது என்று தோன்றினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் டேஷ்போர்டில் இருக்கும் இரண்டு முட்களைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, ஸ்பீடு முள் கூடவே ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, அதாவது இன்ஜினின் சுழற்சி முழுசாகக் கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டுமே சோம்பலாக ஏறினால் கிளட்ச் ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறது, கோளாறு வேறு எங்கேயோ. இதைப் பிரித்துப் பார்க்காமலே கியர்பாக்ஸை இறக்கி, புது கிளட்ச் செட் போட்டு, அதன் பிறகும் வண்டி அதே ஏற்றத்தில் அதே மாதிரி திணறுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. கடைசியில் பார்த்தால் டர்போ ஹோஸில் ஒரு விரிசலாக இருக்கும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி செய்வது எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

டீசலுக்கு ஏன் தனிக் கணக்கு

மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் உச்ச டார்க் (சுழற்றும் விசை) சுமார் 115 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்பிஎம் வாக்கில்தான் வரும். அதே உடம்பில் உட்கார்ந்திருந்த 1.3 லிட்டர் டீசல் 2,000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் தரும். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் இன்ஜின் 200, 2016-இல் வந்த கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் 343. கிளட்ச் பிளேட்டின் மேல் விழும் பாரம் இந்த டார்க்தான். அதனால் பெட்ரோல் காரில் ரேஸை ஏற்றினால் தெரியும் வழுக்கல், டீசலில் 1,800 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள், டர்போ விழித்துக்கொள்ளும் இடத்தில் முதலில் தலைகாட்டும். நாம் தினமும் ஓட்டுவதும் அந்த இடத்தில்தான்.

இன்னொன்று. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. இன்று ரோட்டில் ஓடும் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா டீசல்கள் எல்லாம் வயதான வண்டிகள். கைமாறி வந்த வண்டியில் கிளட்ச் எத்தனையாவது செட் என்பது விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்து "இன்னும் காலம் இருக்கு" என்றோ "போயிருக்கும்" என்றோ முடிவு கட்டாதீர்கள். அரை கிளட்சிலேயே கோவை காந்திபுரத்து நெரிசலைத் தாண்டுகிற கைக்கும், பெருந்துறை ரோட்டில் ஒரே சீராகப் போகிற கைக்கும் ஒரே பிளேட் இரண்டு மடங்கு வித்தியாசத்தில் தேயும்.

டாப் கியரில் மிதித்தால் ரேஸ் மட்டும் கூடுகிறது

இதுதான் முதல் அறிகுறி, பெரும்பாலும் இதுதான் உண்மையான வழுக்கல். பட்டறையில் பேச்சு இப்படிப் போகும்:

"ஏனுங்க தம்பி, தாராபுரம் ரோட்டுல நாலு பேரு ஏறுனா ரேஸ் மட்டும் உறுமுதுங்க, வண்டி நகரமாட்டேங்குதுங்க."

"எத்தனாவது கியர்லீங்கண்ணா?"

"அஞ்சாவதுலதானுங்க. மூணாவதுல ஒண்ணும் தெரியறதில்லீங்க."

"அப்ப இன்னும் ஆரம்பந்தானுங்கண்ணா."

அந்தத் தம்பி சொன்னது சரி. சின்ன கியரில் இன்ஜின் சட்டென்று ரேஸ் எடுத்துவிடும். டர்போ முழுசாக ஊதுவதற்குள் ஆர்பிஎம் தாண்டிப் போய்விடும், இன்ஜினின் பலத்தில் ஒரு பங்கு அதன் சொந்தச் சுழற்சியை வேகப்படுத்தவே செலவாகிவிடும். டாப் கியரில் வண்டி மெதுவாகத்தான் வேகம் எடுக்கும் என்பதால் முழு டார்க்கும் பிளேட்டின் மேல் நின்று அழுத்தும். ஆகவே ஐந்தாவது கியரில் மட்டும் வழுக்கினால் தொடக்கம். மூன்றாவதிலும் வழுக்கினால் முற்றிவிட்டது. இரண்டாவதிலேயே வழுக்கினால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

இதை உறுதி செய்ய நல்ல சோதனை ஒன்று உண்டு. போக்குவரத்து குறைவான சமமான நேர்ச்சாலை வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். ஏசியை அணையுங்கள். முட்களைப் பார்க்கப் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள், ஓட்டுகிறவரின் கண் ரோட்டில் இருக்கட்டும். டாப் கியரில் 1,500 ஆர்பிஎம் வாக்கில் நிதானமாகப் போய், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள்.

கிளட்ச் பிடித்திருந்தால் ஒரே கியரில் ஆர்பிஎம்முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறவே கூடாது. உங்கள் வண்டி டாப் கியரில் 60 கி.மீ. வேகத்தில் 1,500 ஆர்பிஎம் காட்டுகிறது என்றால், 80-இல் 2,000, 100-இல் 2,500 காட்ட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 25 என்ற கணக்கு. மிதித்த நேரத்தில் வேகம் 85, ஆர்பிஎம் 2,600 என்று காட்டினால், இருக்க வேண்டியது 2,125. மீதி 475 சுற்றும் பிளேட்டில் உரசலாக, சூடாகப் போகிறது. காலை லேசாக எடுத்ததும் ஆர்பிஎம் மட்டும் விழுந்து பழைய விகிதத்துக்கு வரும். அந்த விழுதலைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

காரின் கம்ப்யூட்டரைப் படித்துப் போனுக்கு அனுப்பும் ஓபிடி புளூடூத் கருவி ஒன்று வைத்திருந்தால் இன்னும் எளிது. போனில் ஆர்பிஎம், வேகம் இரண்டையும் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்க்கலாம். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது இதில் பிரச்சினை இல்லை, எல்லா வேகத்திலும் ஒரே மாதிரிதான் கூட்டிக் காட்டும்.

தனியாகப் போய் வழுக்கலைப் பிடிக்க முடியாவிட்டால் ஆட்களை ஏற்றிக்கொள்ளுங்கள், அல்லது காற்றை உபயோகப்படுத்துங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஓட்டினால் எதிர்க்காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும். திரும்பி வரும்போது தெரியாத வழுக்கல் போகும்போது தெரியும்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள். உண்மைதான். கிளட்ச் பிளேட்டை இன்ஜினோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். இன்றைய பிரஷர் பிளேட்டில் இருக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் பாதி தேயும் வரை அழுத்தத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும். ஓர் அளவுக்கு மேல் தேய்ந்ததும் அழுத்தம் வேகமாக இறங்கும். அதனால் கிளட்ச் படிப்படியாகப் போகாமல், ஒரு வாரத்திலோ ஒரு மலைப் பயணத்திலோ கைவிடும்.

ஹேண்ட்பிரேக் போட்டு ஆஃப் ஆகிறதா என்று பார்ப்பது

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை விட்டால் இன்ஜின் ஆஃப் ஆக வேண்டும், ஆஃப் ஆனால் கிளட்ச் நல்லது என்று சொல்வார்கள். எனக்கு இந்தச் சோதனை மேல் பெரிய மரியாதை இல்லை. ஐடிலில் இன்ஜின் தரும் டார்க், 2,000 ஆர்பிஎம்மில் டர்போவோடு தருவதில் சின்னப் பங்குதான். அதைத் தாங்குகிற பிளேட் 190-ஐயும் தாங்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆஃப் ஆகாமல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் முழுசாகப் போய்விட்டது என்று அர்த்தம். ஆஃப் ஆனால் முழுசாகப் போகவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு தடவை, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில் செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் லைனிங்கையும் சேர்த்து எரித்துவிடுவீர்கள்.

மலை ஏறும்போது கருகல் வாடை

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவிலும், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவிலும் இந்த வாடை வராத நாள் கிடையாது. லைனிங் கருகும் அந்தக் காரமான வாடையை ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. ஆனால் வாடை வந்ததும் "கிளட்ச் போச்சு" என்று பயந்துவிட வேண்டாம்.

முதலில் வாடை உங்கள் வண்டியுடையதா என்று பாருங்கள். முன்னால் கரும்பு லாரியோ சரக்கு லாரியோ ஊர்ந்துகொண்டிருந்தால் அதன் வாடை உங்கள் ஏசி வழியாக உள்ளே வரும். ஓரமான இடத்தில் நிறுத்தி, லாரியைப் போகவிட்டு, பானெட் பக்கம் முகர்ந்து பாருங்கள். இறங்கும்போது வந்த வாடை என்றால் அது கிளட்ச் அல்ல, பிரேக். பெரிய கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறீர்கள். அதை அலட்சியம் செய்யக் கூடாது. நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஏறும்போது வந்த உங்கள் வண்டி வாடைதான் என்றால், வளைவில் வண்டி நின்று நின்று நகர்ந்ததா, பிரேக் பிடிக்காமல் அரை கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தினீர்களா என்று யோசியுங்கள். அப்படியானால் நல்ல கிளட்சும் வாடை அடிக்கும். கீழே இறங்கி, ஆறிய பிறகு, மேலே சொன்ன டாப் கியர் சோதனையைச் செய்யுங்கள். விகிதம் மாறாமல் நின்றால் பிளேட் தப்பித்தது. வளைவில் அரை கிளட்சைத் தொடவே இல்லை, இரண்டாவது கியரில் முழுசாகக் காலை எடுத்துத்தான் ஏறினேன், அப்படியும் வாடை வந்தது என்றால் அது வழுக்கல்தான்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை, சூடானதும் வழுக்குகிறது

அவசரப்பட்டு கியர்பாக்ஸை இறக்கக் கூடாத இடம் இது. பிளேட் நன்றாக இருந்தும், யாரோ பெடலை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பது போல ஏதோ ஒன்று அதை முழுசாகப் பிடிக்க விடாமல் வைத்திருக்கலாம். சில நூறு ரூபாய் வேலைக்குப் பல ஆயிரம் செலவழிப்பது இங்கேதான் நடக்கும்.

முதலில் காலடியைப் பாருங்கள். கனமான ரப்பர் மேட் பெடலுக்கு அடியிலோ பின்னாலோ மடங்கிக் கிடக்கிறதா? பெடலின் மேல் நுனிவிரலை வைத்து மேலே தூக்குங்கள். இன்னும் மேலே வந்தால் பெடல் தானாக முழுசாகத் திரும்பவில்லை.

கேபிள் கிளட்ச் வண்டியில் கேபிள் உள்ளே காய்ந்து துருப்பிடித்தால் போன இடத்திலேயே இறுகி நிற்கும். சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் போகும் கேபிள் சூட்டில் உருகியிருந்தாலும் அதே கதைதான். பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள், பெடலை மிதித்தால் அவற்றை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகரும் என்பதால், கேபிளில் விட்டிருந்த லூஸும் குறைந்துகொண்டே வரும். லூஸ் சுத்தமாகப் போய்விட்டால் பேரிங் எந்நேரமும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தெரிவதற்கு முன் கொஞ்ச தூரம் சும்மா போக வேண்டும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். சும்மா போகவே இல்லை என்றால் கேபிள் நட்டைத் தளர்த்தி லூஸ் வைத்து ஓட்டிப் பாருங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் பிளேட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பெடலை விட்டதும் ஃப்ளூயிட், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும், அங்கிருந்து ஃப்ளூயிட் டப்பாவுக்கும் திரும்ப வேண்டும். திரும்பும் துளை சின்னது. அது அடைத்துக்கொண்டாலோ, பெடல் புஷ் ராடில் லூஸ் இல்லாமல் பிஸ்டன் அந்தத் துளையை மூடியபடியே நின்றாலோ, ரப்பர் ஹோஸ் உள்பக்கமாக வீங்கியிருந்தாலோ, அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இன்ஜின் சூட்டில் ஃப்ளூயிட் விரியும்போது அழுத்தம் இன்னும் கூடும். காலையில் நன்றாக ஓடிய வண்டி பத்தரை மணிக்கு வழுக்குவது இதனால்தான்.

இதைச் சோதிக்கும் வழி: வழுக்க ஆரம்பித்ததும் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளில் ஒரு சின்ன டியூபை மாட்டி, யாரும் பெடலைத் தொடாத நிலையில், கால் சுற்றுத் திறந்து மூடுங்கள். ஃப்ளூயிட் பீறிக்கொண்டு வந்தால் அழுத்தம் மாட்டியிருந்திருக்கிறது. உடனே ஓட்டிப் பாருங்கள். வழுக்கல் மாயமாகியிருந்தால் கியர்பாக்ஸுக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. மறுபடி வழுக்க ஆரம்பிக்கும்போது, இந்தத் தடவை மாஸ்டர் சிலிண்டர் பக்கத்துப் பைப்பைத் தளர்த்துங்கள். அங்கேயே அழுத்தம் வெளியேறி வழுக்கல் நின்றால் குற்றவாளி மாஸ்டர். அங்கே தளர்த்தியும் போகாமல், ஸ்லேவில் திறந்தால்தான் போகிறது என்றால் நடுவில் இருக்கும் ஹோஸ். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிரேக் ஃப்ளூயிட் கண்ணுக்கும் ஆகாது, பெயிண்டுக்கும் ஆகாது.

டப்பாவையும் பாருங்கள். பிரேக் ஃப்ளூயிட் ஊற்ற வேண்டிய இடத்தில் யாராவது பவர் ஸ்டியரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஊற்றியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் போயிருக்கும். அதற்கு மருந்து கிடையாது. ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவில் இருக்கிற வண்டி என்றால் பிரேக்கும் ஆபத்தில் இருக்கிறது.

பெடல் மேலே வந்து பிடிக்கிறது

கேபிள் வண்டியில் இது தேய்மானத்தைக் காட்டும் நம்பகமான அறிகுறி. லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது கேபிள் லூஸ் போயிருக்கலாம். தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வண்டியில் இதை நம்ப முடியாது. பிளேட் தேயும் அளவுக்கு ஸ்லேவ் பிஸ்டன் பின்னால் நகர்ந்து கொடுப்பதால் பெடல் பிடிக்கும் இடம் பெரிதாக மாறாது. "பெடல் பழையபடிதான் இருக்கு, அதனால கிளட்ச் நல்லது" என்று இன்னோவாக்காரர் சொன்னால் அது அத்தாட்சி ஆகாது. அந்த வண்டிகளில் பெடல் முன்பைவிடக் கனமாகியிருக்கிறதா என்று கேளுங்கள். தேய்ந்த செட்டில் டயாஃப்ரம் விரல்களின் சாய்வு மாறி, மிதிக்கக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு இது பழகிப் போயிருக்கும். வேறொருவரை ஓட்டச் சொன்னால் முதல் மிதியிலேயே சொல்லிவிடுவார்.

வழுக்கலோடு உதறலும் இருக்கிறது, அடியில் எண்ணெய்

முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறுகிறது, அப்புறம் டாப் கியரில் வழுக்குகிறது என்றால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு சின்னத் துளையோ இடுக்கோ இருக்கும். ஈரம் இருந்தால் வெள்ளைத் துணியில் ஒற்றி எடுங்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல். டீசலில் இன்ஜின் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும் என்பதால் பிரித்தறிவது எளிது. பழுப்பாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல். மெல்லிசாக, டப்பாவில் அளவும் குறைந்திருந்தால் பிரேக் ஃப்ளூயிட், ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுகிறது. மேலே வால்வ் கவரிலிருந்து வழிந்து வந்த எண்ணெயும் இதே இடத்தில்தான் வந்து சொட்டும். ஆகவே முதலில் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லைனிங்குக்குள் இறங்கிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றாமல் புது பிளேட் போடுவதும் அதே அளவு வீண்.

தண்ணீரில் இறங்கிய பிறகு

கோயம்புத்தூரில் ஒரு நல்ல மழை பெய்தால் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்கும். அதில் இறங்கி வந்த வண்டி கொஞ்ச நேரம் வழுக்கலாம். காய்ந்ததும் சரியாகிவிடும். மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று தடவை உதறினால் ஃபிளைவீல் (கிளட்ச் பிளேட் உரசும் இன்ஜின் சக்கரம்) முகத்தில் படிந்த துரு, அதுவும் ஓட்டினால் போகும். ஒரு வாரம் கழித்தும் வழுக்கினால் மேலே உள்ள தலைப்புகளுக்குத் திரும்புங்கள்.

இரண்டு முட்களும் ஏறவில்லை

இது கிளட்ச் அல்ல. இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களில் புது எண்ணெய்க் கசிவோ, மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தமோ இருக்கிறதா, பின்னால் கரும்புகை வருகிறதா என்று பாருங்கள். டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது? செம்மண் ரோட்டிலும் கிரஷர் பக்கமும் ஓடும் வண்டி என்றால் ஏர் ஃபில்டர்? இன்ஜின் விளக்கு எரிந்து, குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நின்றால் கம்ப்யூட்டரே இன்ஜினைக் கட்டிப் போட்டிருக்கிறது, ஸ்கேன் போடுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் இறுகிப் பிடித்திருக்கிறது.

கியர் விழ மாட்டேன் என்கிறது

இதையும் "கிளட்ச் ஸ்லிப்" என்றுதான் பலர் சொல்லிக்கொண்டு வருவார்கள். உண்மையில் இது நேர் எதிர். கிளட்ச் பிடிக்காமல் போவது வழுக்கல், விடாமல் போவது இது. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வரும், நின்ற வண்டியில் முதல் கியர் விழாது. ஃப்ளூயிட் ஒழுகல், காற்றுப் புகுந்த லைன், அளவுக்கு மேல் லூஸான கேபிள் என்று தேட வேண்டியதே வேறு. பட்டறையில் சொல்லும்போது "ஸ்லிப் ஆகுது" என்று சொல்லாமல் "கியர் விழலீங்க" என்று சொன்னால் பாதி வேலை மிச்சம்.

புது செட் போட்டும் வழுக்குகிறது

எரிச்சலான நிலைமைதான். பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம். பிளேட்டின் ஒரு பக்கத்தில் "ஃபிளைவீல் பக்கம்" என்று குறி இருக்கும். மாட்டும்போது கிரீஸ் பட்டிருக்கலாம். ஷாஃப்டின் பல்லில் தாராளமாகப் பூசிய கிரீஸ் சுழலும்போது லைனிங்கில்தான் தெறிக்கும். வேறு மாடலின் செட்டாக இருக்கலாம், பெட்டியில் உள்ள பார்ட் நம்பரைப் பாருங்கள். சூட்டில் நீலம் பாய்ந்து விரிசல் விட்ட ஃபிளைவீலை அப்படியே விட்டிருக்கலாம். கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, ஒற்றை ஃபிளைவீலை முகம் சீவி வாங்கிவிடலாம். ஆனால் பிரஷர் பிளேட் உட்காரும் இடம் ஒரு படி உயரமாக இருக்கும் ஃபிளைவீலில், நடுவை மட்டும் சீவினால் அழுத்தம் குறைந்துவிடும். இரண்டையும் ஒரே அளவு எடுக்க வேண்டும். நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாக இருக்கும் டூயல் மாஸ் ஃபிளைவீலை லேத்தில் ஏற்றவே வேண்டாம். அதில் ஆட்டம் அளவுக்கு மீறியிருந்தாலோ கிரீஸ் கசிந்திருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். அணைக்கும்போது கடகடவென்று சத்தம் போடுவது அதன் அடையாளம்.

அப்புறம், இன்ஜினை ரீமேப் செய்திருக்கிறீர்களா, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிப் பலத்தைக் கூட்டியிருக்கிறீர்களா? செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊரில் இந்த ஆசை வருவது இயல்புதான். டார்க்கைக் கூட்டிவிட்டு, கம்பெனி கிளட்ச் தாங்கவில்லை என்று அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி டீசலிலும் உள்ளே இருப்பது இதே உலர்ந்த பிளேட்தான். டாப் கியர் கணக்கு அதற்கும் பொருந்தும். செட் மாற்றிய பிறகு ஸ்கேன் கருவியால் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கற்றுக்கொடுக்காவிட்டால் அதுவும் வழுக்கும், இழுக்கும், உதறும்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால்

வழுக்கும் கிளட்சை ரேஸ் கொடுத்து ஜெயிக்க முடியாது. மிதிக்க மிதிக்கச் சூடு ஏறும், சூடு ஏற ஏற இன்னும் வழுக்கும். ஓரமாக நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிறகு ஆட்களையும் சாமானையும் குறைத்து, ஏசி இல்லாமல், சின்ன கியரில், பாதி மிதிக்கும் குறைவாக மிதித்து, ஆர்பிஎம்மை டர்போ எழும்பும் இடத்துக்குக் கீழே வைத்து ஓட்டினால் சமவெளியில் பட்டறை வரை போய்விடலாம். மலை மேலே என்றால் ஏறுவதை விட்டுவிடுங்கள். பாதுகாப்பான இடத்தில் திருப்பி, சின்ன கியரில் இறங்கலாம். ஆனால் முழுசாக வழுக்கும் வண்டியில் இன்ஜின் பிரேக்கிங் கிடைக்காது என்பதால் இறங்கவும் கூடாது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கியர்பாக்ஸ் இறக்கியாயிற்று என்றால்

லேபர்தான் பெரிய செலவு என்பதால் இறக்கிய பிறகு கஞ்சத்தனம் வேண்டாம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகப் போடுங்கள். ஸ்லேவ் உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் அதையும் சேர்த்து. சீல்கள் ஈரமாக இருந்தால் அவற்றையும்.

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். 0.3 மி.மீ. என்பது கையேடுகளில் வழக்கமாகக் காணும் கடைசி எல்லை. இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். லைனிங் கனமாகவே இருந்து முகம் மட்டும் கருகிப் பளபளத்திருந்தால் பிளேட்டைக் கொன்றது அரை கிளட்சோ விடாத ஹைட்ராலிக்கோ, புது செட்டுக்கும் அதே கதி காத்திருக்கிறது. டயாஃப்ரம் விரல்களின் நுனி ஆழமாகத் தேய்ந்திருந்தால் பெடலின் மேல் காலை வைத்தே ஓட்டுகிற பழக்கமா, லூஸ் இல்லாத கேபிளா என்று தேட வேண்டும்.

புது செட் போட்டு முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு மிதியும் மலைப் பயணமும் வேண்டாம், லைனிங் ஃபிளைவீலோடு படிய வேண்டும். இந்த நாட்களில் லேசான வாடை வந்தால் பயப்பட வேண்டியதில்லை. கேபிள் வண்டி என்றால் ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் பெடல் லூஸை ஒருமுறை திரும்பப் பார்த்து, தேவைப்பட்டால் நட்டைத் திருகிக்கொள்ளுங்கள்.